கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பெயர் வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குழந்தைகளுக்குப் புதுமையான பெயர் வைப்பது பற்றி வாசகர் பக்கத்தில் வரும் கடிதங்களைத் தொடர்ந்து படித்து வருகிறேன். வாயில் நுழையாத பெயர்களால் தமிழ் கெடுகிறது என்று ஒரு சாரார் எழுதுகிறார்கள். எங்கள் பிள்ளை, எங்கள் விருப்பம் என்று இன்னொரு சாரார் பதில் எழுதுகிறார்கள். இரண்டு பக்கத்திலும், அந்தப் பெயரை ஆயுள் முழுக்கச் சுமக்கப்போகிற குழந்தையைப் பற்றிய பேச்சு குறைவாக இருக்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் தமிழ் இலக்கியத்தில் பட்டம் வாங்கிவிட்டு, குழந்தைகள் மருத்துவமனை ஒன்றின் பதிவு மேசையில் வேலைக்குச் சேர்ந்தவள். இன்றும் அதே மேசைதான். புறநோயாளிச் சீட்டில் பெயர் எழுதுவதும், டாக்டரின் அறைக்கதவு திறந்ததும் அடுத்த குழந்தையின் பெயரை உரக்கக் கூப்பிடுவதும் என் வேலை. முன்பின் அறியாத குழந்தைகளை, அழுகைக்கும் இருமலுக்கும் நடுவே, நாள் முழுக்கப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவள் நான். அங்கே உட்கார்ந்து பார்த்தால், எந்தப் பெயர் நிற்கிறது, எது தடுக்குகிறது என்பது வெகு சீக்கிரம் தெரிந்துவிடும்.

அரிய பெயர்களுக்கு நான் எதிரியில்லை. மனதார வரவேற்கிறேன். அந்தந்தக் காலத்தில் நாகரிகமாக இருக்கும் பெயரைக் கூப்பிட்டால் மூன்று நாலு தாய்மார்கள் ஒரே நேரத்தில் எழுந்திருப்பார்கள். இனிஷியலும் ஒன்றாக இருந்துவிட்டால் கோப்பு மாறிவிடும் ஆபத்து உண்டு. பிறந்த தேதி, அம்மா பெயர், தொலைபேசி எண் என்று எல்லாவற்றையும் சரிபார்த்த பிறகுதான் உள்ளே அனுப்புவோம். மருந்தின் அளவே குழந்தையின் எடையைப் பொறுத்தது என்கிற இடத்தில், ஒரு கோப்பு மாறுவது சின்ன விஷயம் இல்லை. ஆகவே இன்னொருவருக்கு இல்லாத பெயர் வேண்டும் என்று ஒரு தாய் ஆசைப்படுவதை ஆடம்பரம் என்று நான் நினைப்பதில்லை.

புதிய பெயர் என்றாலே முகம் சுளிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இன்று நாம் சாதாரணமாக நினைக்கும் எத்தனையோ பெயர்கள் ஒரு காலத்தில் காதுக்குப் புதியவைதான். நாராயணசாமி என்ற இளைஞர் நெடுஞ்செழியன் ஆனார். ராமையா அன்பழகன் ஆனார். அதற்கு முன்பே சூரியநாராயண சாஸ்திரியார் பரிதிமாற் கலைஞர் என்றும், வேதாசலம் மறைமலை அடிகள் என்றும் ஆகியிருந்தார்கள். அன்பழகன் என்ற பெயரை இன்று யாராவது விசித்திரம் என்பார்களா? எங்கள் பதிவேட்டில் அப்பா, தாத்தா பெயர் எழுதும் கட்டத்தில் அது எத்தனையோ தடவை வந்திருக்கிறது.

வடசொல் கலவாத தனித்தமிழ் வேண்டும் என்ற கொள்கையில் மறைமலை அடிகள் தம் பிள்ளைகளின் பெயர்களையும் மாற்றினார். மாணிக்கவாசகம் மணிமொழி ஆனார். சுந்தரமூர்த்தி அழகுரு ஆனார். திரிபுரசுந்தரி முந்நகரழகி ஆனார். மூன்றும் ஒரே கொள்கையில், ஒரே மனிதர் செய்தவை. மணிமொழி இன்றும் புழங்குகிறது, ஆணுக்கும் பெண்ணுக்கும் வைக்கிறார்கள். முந்நகரழகியை நான் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. பொருளில் குறை ஏதும் இல்லை, ஆக்கிய முறையிலும் குறை இல்லை. வாசல் வரை கேட்கும்படி கூப்பிட்டுப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். மணிமொழி ஒரு மூச்சில் வருகிறது. மற்றதற்கு நடுவில் நாக்கு ஓர் இடத்தில் நின்று திரும்ப வேண்டியிருக்கிறது.

அரசியலை ஒதுக்கிவைத்துவிட்டு இன்னொரு பெயரையும் பாருங்கள். 1953 மார்ச் 1 அன்று பிறந்த ஆண் குழந்தைக்கு, அதே மாதம் 5-ஆம் தேதி காலமான சோவியத் தலைவரின் நினைவாக ஸ்டாலின் என்று பெயர் வைத்தார்கள். தமிழில் சொல்லாகவே இல்லாத ஒலி. மெய்யெழுத்தில் தொடங்கும் பெயர். ஆனாலும் கிராமத்துப் பாட்டியின் வாயிலும் சிரமமில்லாமல் வந்தது. இரண்டு அசை, ‘ன்’ என்று முடிகிறது, கேட்டவர் திரும்ப ஒருமுறை கேட்க வேண்டியதில்லை. அயல்மொழிப் பெயர் என்பதாலேயே ஒரு பெயர் கெட்டதாகிவிடாது. யூசுப், பாத்திமா, சூசை, மரியாள் எல்லாம் நம் வாயில் எத்தனை தலைமுறையாகப் பழகிய பெயர்கள்!

தமிழ் என்பதாலேயே ஒரு பெயர் நல்லதாகியும் விடாது. இதைச் சொன்னால் என்னோடு படித்தவர்கள் கோபித்துக்கொள்கிறார்கள். ஆனால் அதற்கான ஆதாரம் தொல்காப்பியத்திலேயே இருக்கிறது. சொல்லதிகாரத்தில் விளிமரபு என்று தனியாக ஓர் இயல் உண்டு. ஒருவரை நேரே கூப்பிடும்போது பெயர் எப்படி மாறும் என்பது மட்டும்தான் அதில் பேச்சு. நம்பி நம்பீ ஆவதும், நங்கை நங்காய் ஆவதும், முருகன் முருகா ஆவதும் அங்கே சொன்ன வழியில்தான். உயர்திணைப் பெயர்களில் இ, உ, ஐ, ஓ ஆகிய நான்கு உயிர்களில் முடிபவையும், ன், ர், ல், ள் ஆகிய நான்கு மெய்களில் முடிபவையும் விளி ஏற்கும் என்று வரையறுத்திருக்கிறது. கல்லூரியில் தேர்வுக்காக மனப்பாடம் செய்தேன். மருத்துவமனைக் கூடத்தில் நின்று தொண்டை வறளக் கூப்பிட்டபோதுதான் அது எவ்வளவு கூர்மையான கவனிப்பு என்று உறைத்தது. த், க், ஷ் என்று முடியும் பெயர்களை இழுத்துக் கூப்பிட இடமே இல்லை. கடைசி ஒலி கூட்டத்தின் இரைச்சலில் போய்விடும், பாதிப் பெயர்தான் எதிர்ச்சுவரைத் தொடும். அந்தக் குழந்தைகளின் தாய்மார்களே அவசரத்துக்குக் ‘கண்ணா’ என்றோ ‘தங்கம்’ என்றோதான் கூப்பிடுகிறார்கள். கவனித்துப் பாருங்கள்.

அதனால், பெயர் தேடும் இளம் பெற்றோர் யார் என்னிடம் கேட்டாலும் முதலில் சொல்வது இதைத்தான். பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு உட்காராதீர்கள். ஒருவர் வாசலில் நில்லுங்கள், ஒருவர் கடைசி அறைக்குப் போங்கள். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். கோபமாகக் கூப்பிடுங்கள், பயந்து கூப்பிடுங்கள், கொஞ்சிக் கூப்பிடுங்கள். எல்லாவற்றுக்கும் அந்தப் பெயர் இடம் கொடுக்கிறதா?

என் தம்பி மகளுக்கு இது பிரசவ மாதம். பெண்ணானால் பூவின் பெயர், ஆணானால் பழைய வள்ளல் ஒருவரின் பெயர் என்று அவளும் கணவரும் முடிவு செய்திருக்கிறார்கள். கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் தலைவியும் தோழியும் பறித்துப் பாறையில் குவிக்கும் 99 பூக்களையும் எழுதி எனக்கு அனுப்பி, “அத்தை, யாருமே வைக்காத பேரா ஒண்ணு எடுத்துக் குடுங்க” என்றாள். ராத்திரிகளில் ஃபோனில் பேசிப் பேசி ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தோம்.

அவளுக்கு முதலில் பிடித்தது வானி. சின்னப் பெயர், இனிமையான பெயர். நான் வேண்டாம் என்றேன். “ஏன் அத்தை, இதுல என்ன குறை?” பெயரில் குறை இல்லை, பக்கத்திலேயே வாணி இருக்கிறாள். அரிய பெயர், எல்லோருக்கும் தெரிந்த ஒரு பெயருக்கு ஓர் எழுத்து தள்ளி இருந்தால், தெரிந்த பெயர் அதை விழுங்கிவிடும். நான் உட்பட எல்லோரும் வாணி என்றே எழுதிவிடுவோம். அந்தப் பெண் ஒவ்வொரு மேசையிலும் நின்று, அந்த ‘ணி’ இல்லை, இந்த ‘னி’ என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் இரண்டும் ஒன்றேதான். கடைசியில் சலித்துப்போய் அவளே வாணி ஆகிவிடுவாள்.

பூளை என்று ஒரு பூ இருக்கிறது. கண்ணில் கட்டும் அழுக்கும் பூளைதான். எருவையைக் கேட்டதும் எரு நினைவு வருகிறது. பாதிரி மரத்தின் பூ எவ்வளவு அழகானதானாலும் இன்று அந்தச் சொல்லைக் கேட்டால் மனதில் வருவது அங்கி போட்ட ஓர் ஆண். செருந்தி எனக்கே மிகவும் பிடித்த பெயர். வகுப்பில் யாராவது முதல் இரண்டு எழுத்தை எடுத்துக்கொண்டு காலணியின் பெயரை ஒட்டிவிடுவார்கள் என்று நினைத்ததும் கைவிட்டேன். ஞாழல் பழைய தமிழின் மணம் வீசும் பெயர். ஆனால் முதலில் ஞ, நடுவில் ழ. இரண்டுக்கும் ஆங்கிலத்தில் நேரான எழுத்து கிடையாது. விமான நிலையத்திலோ வங்கியிலோ அந்தப் பெயரைப் படிக்கப்போகும் ஒருவர்கூட அதைச் சரியாகச் சொல்ல மாட்டார்.

இங்கே ஒரு விஷயத்தை விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். எந்த அரிய பெயரையும் யாரோ ஒருவர் தவறாகத்தான் படிப்பார். அதைத் தடுக்கவே முடியாது. தவறாகப் படித்தாலும் அது கௌரவமாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஆம்பல் என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் முதலில் ஒரு ‘ஏ’ மட்டும் போட்டால் அம்பாள் என்று படித்துவிடுவார்கள். இரண்டு ‘ஏ’ போட்டால் பெரும்பாலும் சரியாக வரும். அப்படியும் தவறி அம்பாள் என்று யாராவது கூப்பிட்டால் குழந்தைக்கு அதில் தலைகுனிவு ஒன்றுமில்லை, சிரித்துக்கொண்டே திருத்திவிடலாம். தவறாகப் படித்தால் ஒரு வசைச்சொல்லோ உடலின் கழிவோ நோயோ ஆகிவிடும் பெயர்கள் இருக்கின்றன. அந்த ஆபத்தைப் பெற்றோர் முன்கூட்டியே கண்டுபிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஏழு வயதுச் சிறுவர்கள் ஒரே நாளில் கண்டுபிடித்துவிடுவார்கள். அவர்களை விடக் கூர்மையான ஆய்வாளர்கள் இல்லை.

வள்ளல்களுக்கு வருவோம். கடையெழு வள்ளல்கள் பேகன், பாரி, காரி, ஆய், அதியமான், நள்ளி, ஓரி. ஆய் அண்டிரன் எவ்வளவு பெரிய கொடையாளி! ஆனால் இன்றைக்குத் தமிழ் வீடுகளில் கைக்குழந்தையிடம் எதற்கு அந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறோம் என்பது எல்லோருக்கும் தெரியும். பள்ளிக்கூடத்தில் அந்தப் பெயரோடு ஒரு பையன் நிம்மதியாக இருக்க முடியாது. காரியைப் பெண்பால் விகுதியாக்கிக் கேலி செய்வார்கள். பாரி நல்ல பெயர், இப்போது பலர் வைக்கிறார்கள். ஓரி இன்னும் அரிது. வல்வில் ஓரி கொல்லிமலையை ஆண்டவன். எழுதச் சுலபம், படிக்கச் சுலபம், ‘ஓரீ’ என்று கூப்பிட்டால் மொட்டைமாடி வரை கேட்கும்.

தம்பி மகளின் கணவருக்கு நன்னன் என்ற பெயர்மேல் ஆசை. ஒலியில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் குறுந்தொகையில் பரணர் பாடிய ஒரு பாட்டில் பெண்கொலை புரிந்த நன்னன் என்று ஒருவன் வருகிறான். ஆற்றில் மிதந்து வந்த பசுங்காயைத் தின்றதற்காக ஒரு பெண்ணைக் கொன்றவன். மலைபடுகடாம் பாடும் நன்னன் வேறு, கூத்தரை வரவேற்று அள்ளிக் கொடுத்தவன். “ரெண்டு பேர் இருக்காங்க மாப்பிள்ளை, தெரிஞ்சுக்கிட்டு வைங்க” என்றேன். பின்னாளில் பிள்ளை வளர்ந்து ஒரு நூலகத்தில் உட்கார்ந்து தன் பெயரைத் தேடும்போது, அப்பாவுக்கு இது தெரிந்துதான் வைத்தார் என்று இருக்க வேண்டும். அவர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். அவசரமில்லை.

ஆமாம், அவசரமே இல்லை. இதைப் பலர் அறியாமல் பதறிப்போய் வாய்க்கு வந்த பெயரை எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். 1969-ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டப்படி, பிறப்பை 21 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். பெயரை அப்போதே கொடுத்தாக வேண்டும் என்பதில்லை. பெயர் இல்லாமலே பதியலாம். பதிந்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். அதற்குப் பிறகும் தாமதக் கட்டணத்தோடு 15 ஆண்டு வரை வாய்ப்பு உண்டு. 15 ஆண்டு தள்ளிப்போடச் சொல்லவில்லை. சில வாரங்கள் குழந்தையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு, மனதில் இருக்கும் பெயரை வீட்டுக்குள் கூப்பிட்டுப் பழகிப் பாருங்கள். ஒட்டவில்லை என்றால் மாற்றிக்கொள்ளலாம், யாரும் கேட்கப்போவதில்லை.

பிறகு எழுதும் எழுத்து. 2023-இல் இந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் பிறக்கும் குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், திருமணப் பதிவு, அரசு வேலை என்று எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கான ஆதாரம் பிறப்புச் சான்றிதழ்தான். அந்த ஒரு தாளில் எழுதிய பெயர்தான் மற்ற எல்லாத் தாளுக்கும் தாய். எண்கணிதம் பார்த்து ஆங்கிலத்தில் ஓர் ‘எச்’ கூட்டி, ஓர் ‘ஏ’ கூட்டி எழுதுவது அவரவர் நம்பிக்கை, அதில் நான் தலையிடவில்லை. ஆனால் எங்கள் மேசைக்கு வரும்போது தடுப்பூசி அட்டையில் ஒரு மாதிரி, சான்றிதழில் ஒரு மாதிரி, ஆதாரில் இன்னொரு மாதிரி இருக்கிறது. எதை எழுதட்டும் என்று கேட்டால் பெற்றோரே ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். பின்னால் திருத்துவதென்றால் அரசிதழில் அறிவிப்பு வெளியிட்டு, பிறகு ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்க வேண்டும். கூட்டும் எழுத்தை முதல் நாளே முடிவு செய்து, எல்லா இடத்திலும் அப்படியே எழுதுங்கள்.

இனிஷியலையும் மறக்காதீர்கள். நாம் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளாமல் அப்பாவின் அல்லது அம்மாவின் முதல் எழுத்தை முன்னால் போடுகிறவர்கள். ரங்கநாதன் நல்ல பெயர். அப்பாவின் முதல் எழுத்து ‘கு’ என்றால், நடுவில் வைத்த புள்ளியைச் சிறுவர்கள் கண்டுகொள்ள மாட்டார்கள். இனிஷியலோடு சேர்த்து எழுதி, இடைவெளி விடாமல் படித்துப் பார்த்தால் தீர்ந்தது.

ஒரு சிறுவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயரைச் சொல்ல மாட்டேன். வீசிங் தொந்தரவுக்காக அடிக்கடி வருவான், அப்போது நாலாம் வகுப்போ ஐந்தாம் வகுப்போ. அம்மா பெயரில் பாதி, அப்பா பெயரில் பாதி, நடுவில் ஒரு கடவுளின் பெயர், முடிவில் கம்பீரத்துக்கு ஓர் ஒலி என்று ஒட்டிய பெயர். நான் கூப்பிட்டதும் பெஞ்சில் இருக்கிற பிள்ளைகள் திரும்பிப் பார்ப்பார்கள். சில பெரியவர்கள்கூட வாய்க்குள் சொல்லிப் பார்த்துவிட்டுச் சிரிப்பார்கள். ஒருநாள் அவன் அம்மா தண்ணீர் பிடிக்கப் போன நேரம் பார்த்து மேசைக்கு வந்தான். “ஆன்ட்டி, என் பேரைக் கூப்பிடாதீங்க. டோக்கன் நம்பரைக் கூப்பிடுங்க” என்றான். மூச்சு இரைத்துக்கொண்டே சொன்னான்.

அன்றிலிருந்து அவனை நம்பர் சொல்லித்தான் கூப்பிட்டேன். அவன் அப்பா வந்தபோது தனியாக அழைத்து மெதுவாகச் சொன்னேன். “எங்க ரெண்டு பேர் பேரும் அதுல இருக்கு மேடம், ஆசையா வெச்சது” என்றார். அன்பில்தான் வைத்திருக்கிறார், சந்தேகமேயில்லை. ஆனால் அந்தப் பெயரில் அப்பா இருக்கிறார், அம்மா இருக்கிறார். அந்தப் பையனுக்குத்தான் இடமில்லை. பெயர் வைக்கும்போது பெற்றோர் தங்கள் காதலையும் கொள்கையையும் பக்தியையும் படிப்பையும் அதில் காட்ட நினைப்பது இயல்பு. எல்லாவற்றையும் ஒரே பெயரில் ஏற்றினால் பாரம் அவர்கள் தோளில் விழுவதில்லை.

இன்னொரு குழந்தையும் நினைவில் இருக்கிறாள். அவளுக்கு ஒரு பழைய பறவையின் பெயர். சங்கப் பாடல்களில் வரும் பறவைதான், ஆனால் அந்தப் பெயரில் வேறு யாரையும் நான் கூப்பிட்டதில்லை. சின்னப் பெயர். முதல் தடவை எழுதும்போது நான் பேனாவை நிறுத்தி அவளைப் பார்த்தேன். “பறவை பேரு ஆன்ட்டி. அது எப்பவும் ஜோடியாத்தான் இருக்கும். ஒண்ணு இல்லேன்னா இன்னொண்ணு கத்தும்” என்று மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கால்களை உந்தி, எனக்கும் எனக்குப் பின்னால் நின்ற நர்ஸுக்கும் சேர்த்து விளக்கினாள். காய்ச்சலில் கண் சிவந்திருந்தது. ஆனாலும் சொன்னாள். யாரோ அவளுக்கு அந்தக் கதையைப் பலமுறை சொல்லியிருக்கிறார்கள். அந்த வீட்டில் அந்தப் பெயரைச் சொல்லியே கூப்பிட்டிருக்கிறார்கள். நான் கூப்பிட்டதும் அம்மாவுக்கு முன்னால் அவள் எழுந்து வந்தாள்.

இந்த இரண்டு குழந்தைகளின் பெயர்களும் சம அளவில் அரியவை. ஒருவன் தன் பெயரிலிருந்து ஒளிந்தான், ஒருத்தி தன் பெயரைப் பிறருக்குக் கொடுத்தாள். அவளிடம் பெயரைச் சொல்ல ஒரு கதை இருந்தது, அதுவும் ஆறு வயதுக் குழந்தை சொல்லக்கூடிய ஒரே வரிக் கதை. அரிய பெயர் வைப்பவர்கள் எல்லோரும் அப்படி ஒரு வரியைப் பிள்ளைக்குச் சேர்த்தே கொடுக்க வேண்டும். ஏனென்றால் அந்தக் குழந்தை வாழ்நாள் முழுக்க, அந்தப் பேருக்கு என்ன அர்த்தம் என்ற கேள்விக்குப் பதில் சொல்லப் போகிறது.

வீட்டில் கூப்பிடாத பெயரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பதிவேட்டில் கம்பீரமான ஏழெழுத்துப் பெயர் இருக்கும். குழந்தையிடம் பேர் என்ன என்று கேட்டால் ‘அம்மு’ என்னும், ‘குட்டிமா’ என்னும். மூன்று வயது வரை தன் உண்மைப் பெயரைக் கேட்டே இராத குழந்தைகள் நிறைய. நான் எவ்வளவு கத்தினாலும் அது தன்னைத்தான் என்று அவர்களுக்குத் தெரியாது. செல்லப்பெயர் இருக்கட்டும், வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? ஆனால் பெற்றவர்களே கூப்பிடக் கூசுகிற பெயரை, அல்லது கூப்பிடச் சோம்புகிற பெயரை, ஆசிரியரும் நண்பரும் மேலதிகாரியும் மட்டும் எப்படி மனமாரக் கூப்பிடுவார்கள்?

சில நாடுகளில் இதற்குச் சட்டமே இருக்கிறது. ஐஸ்லாந்தில் 1991 முதல் பெயர்களுக்கென்று ஒரு குழு உண்டு. புதிய பெயர் அவர்கள் மொழியின் வேற்றுமை உருபை ஏற்க வேண்டும், எழுத்து முறைக்கு ஒத்துவர வேண்டும், வைத்துக்கொள்பவருக்குச் சங்கடம் தரக்கூடாது என்பவை நிபந்தனைகள். நியூசிலாந்தில் அரசர், நீதிபதி போன்ற பதவிகளைப் போலிருக்கும் பெயரையும், அளவுக்கு மீறி நீண்ட பெயரையும், பிறர் மனதைப் புண்படுத்தும் பெயரையும் பதிவாளர் மறுக்கலாம். நம் ஊரில் அப்படி ஒரு குழு வேண்டும் என்று நான் கேட்கவில்லை. வரவே கூடாது என்றுதான் நினைக்கிறேன். நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆன காலத்தில் அப்படி ஒரு குழு இருந்திருந்தால் என்ன சொல்லியிருக்குமோ! ஆனால் ஐஸ்லாந்துக்காரர்களின் முதல் நிபந்தனை நம் வீடுகளுக்கும் பொருந்தும். நினைத்திருக்கும் பெயரோடு ஐ, ஆல், கு, இன் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். ஆம்பலை, ஆம்பலால், ஆம்பலுக்கு, ஆம்பலின். ஓரியை, ஓரியால், ஓரிக்கு, ஓரியின். தமிழ் வாக்கியத்துக்குள் பெயர் தானாக நடக்கிறது. அப்படி நடக்காத பெயர் ஒவ்வொரு வாக்கியத்திலும் தனியே நிற்கும்.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெயர் தேடும் பெற்றோருக்கு இணையத்தில் கிடைக்கும் பட்டியல்களில் பெரும்பாலானவை ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை. பொருள் தவறாக இருக்கிறது. எந்த நூல், எந்தக் கல்வெட்டு என்ற விவரம் இருப்பதில்லை. தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் ராஜராஜன் காலத்துத் தளிச்சேரிப் பெண்டுகள், அதாவது கோயிலில் ஆடல் பணி செய்த பெண்கள், 400 பேரின் பெயர்கள், அவர்கள் குடியிருந்த தெருவோடு சேர்த்துப் பொறித்திருக்கின்றன. ஆயிரம் ஆண்டுக்கு முன் தாய்மார்கள் வாய்விட்டுக் கூப்பிட்ட பெயர்கள் அவை. அதில் எத்தனை பெயர்கள் நம் பெற்றோர் கண்ணில் பட்டிருக்கும்? வாரம் ஒருமுறை, வாசகர் பக்கத்தின் ஒரு மூலையில், இலக்கியத்திலிருந்தும் கல்வெட்டிலிருந்தும் நாலைந்து பெயர்களை எடுத்துப் போடுங்கள். எங்கே வருகிறது, பொருள் என்ன, அந்தப் பெயரோடு சேர்ந்த நல்லது கெட்டது என்ன, ஆங்கிலத்தில் எப்படி எழுதினால் தவறில்லாமல் படிப்பார்கள் என்று தமிழாசிரியர் ஒருவரைக் கொண்டு எழுதச் செய்யுங்கள். கூப்பிட்டால் எப்படி இருக்கும் என்பதையும் சேர்க்கச் சொல்லுங்கள். அந்தப் பக்கத்தை வெட்டி எங்கள் கூடத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். கர்ப்பிணித் தாய்மார்கள் மூத்த குழந்தையைக் கூட்டிக்கொண்டு வந்து மணிக்கணக்கில் அங்கேதான் காத்திருக்கிறார்கள்.

தங்கள் நெடுநாள் வாசகி,
குழந்தைகள் மருத்துவமனைப் பதிவு எழுத்தர்